மாக் போல் ஓட்டை அழிக்காம விட்டுட்டா? பூத்ல நம்ம பண்ற தப்பை எப்படிக் குறைக்கிறது, டியூட்டி பார்த்தவங்க சொல்லுங்க

#1 கரும்பலகை

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கெடக்குற விஷயம், இன்னைக்குத்தான் எழுத உக்காந்தேன். 2024 ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தல்ல எனக்கு முதல் தடவையா பிரிசைடிங் ஆபீசர், அதாவது பூத்துக்குப் பொறுப்பான அதிகாரி போஸ்டிங். அதுக்கு முன்னாடி ரெண்டு தேர்தல்ல பி1 (வாக்காளர் லிஸ்ட்ல பேரைச் சரிபார்க்கற முதல் போலிங் ஆபீசர்) பார்த்திருக்கேன், அதனால பெரிய பயம்னு இல்ல. ட்ரெய்னிங் ஒண்ணு விடாம போனேன், கையேட்டை முழுசா படிச்சு பென்சில்ல கோடெல்லாம் போட்டு வெச்சிருந்தேன். அப்படி இருந்தும் அன்னைக்குக் காலையில மாக் போல் ஓட்டை, அதாவது நிஜ ஓட்டுப்பதிவுக்கு முன்னாடி மெஷினைச் சோதிக்கப் போடற ஓட்டை, அழிக்காமலே போலிங் ஆரம்பிக்கப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். முந்தின நாள் மத்தியானம் சாமானெல்லாம் வாங்கி வண்டி ஏறி ஸ்கூலுக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆறு மணி. கவர் எழுதி, சீல் நம்பர் குறிச்சு, பூத்துக்குள்ள மேசை போட்டு, படுக்கும்போது ஒரு மணி இருக்கும், ஃபேன் ஓடல, கொசு, நாலு மணிக்கெல்லாம் எந்திரிச்சாச்சு. அஞ்சரைக்கு மாக் போல் ஆரம்பிக்கணும். வேட்பாளர்களோட ஏஜென்ட் ரெண்டு பேர்தான் வந்திருந்தாங்க, மத்தவங்களுக்காகப் பதினஞ்சு நிமிஷம் காத்திருந்துட்டு ஆரம்பிச்சோம். 50 ஓட்டு போட்டு முடிச்சு, க்ளோஸ் அமுக்கி, ரிசல்ட் அமுக்கி, விவிபேட் (யாருக்குப் போட்டோம்னு சீட்டுல அச்சடிச்சுக் காட்டற மெஷின்) சீட்டை எடுத்து எண்ணி, ரெண்டும் ஒத்து வருதுன்னு ஏஜென்ட்டுங்ககிட்ட காட்டியாச்சு. சீட்டு எண்ணும்போதே ஜோனல் ஆபீசர் (பல பூத்தை மேற்பார்க்கறவர்) கிட்டேருந்து ரெண்டு போன். லேட்டா வந்த ஒரு ஏஜென்ட் எனக்குக் காட்டவே இல்லையேன்னு கேக்குறார். வெளிய ஆறேகாலுக்கே வயசானவங்க வந்து லைன்ல நின்னுட்டாங்க. சீட்டுக்குப் பின்னாடி முத்திரை குத்தி, கருப்புக் கவர்ல போட்டு, பிங்க் சீல் ஒட்டி, எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி முடிச்சதும் மனசு அதுவா மாக் போல் முடிஞ்சதுன்னு முடிவு கட்டிருச்சு. க்ளியர் பட்டனை அமுக்கவே இல்ல. மெஷினை மூடி ஒட்டற பச்சை சீலைக் கையில எடுத்து கையெழுத்து வாங்க ஆரம்பிச்சுட்டேன்.

பி3யா, அதாவது மெஷின் பட்டனை அமுக்கற மூணாவது போலிங் ஆபீசரா இருந்த பொண்ணுக்கு அதுதான் முதல் டியூட்டி. "சார், சீல் பண்றதுக்கு முன்னாடி டோட்டல் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துக்கலாமா"ன்னு கேட்டாங்க. அமுக்கினா 50. அந்த நிமிஷம் அடிவயிறு கலங்குனது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு.

க்ளோஸ், ரிசல்ட், க்ளியர். ட்ரெய்னிங்ல நூறு தடவை சொன்னாங்க, எனக்கும் தெரியும், நானே டீம்ல இருந்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். தெரியாம பண்ற தப்புக்கு ட்ரெய்னிங் இருக்கு. தெரிஞ்சும் கை விட்டுப்போற தப்புக்கு என்ன பண்றது? அதைத்தான் கேக்குறேன். டியூட்டி பார்த்தவங்க, ஏஜென்ட்டா உக்காந்தவங்க, ஓட்டு போடப் போய் சிரமப்பட்டவங்க, யாரா இருந்தாலும் எழுதுங்க.

#2 மூணாவது மேசை

சார், நானும் மூணு தடவை பி3 பார்த்தவதான். அந்தப் பொண்ணு கேட்ட கேள்விதான் சார் விஷயமே. நிறைய பூத்ல பி3க்கு வாயே இருக்காது, பட்டன் அமுக்குறதோட சரி.

என் அனுபவத்துல சொல்றேன், பி3 மேசையில ரெண்டு இடத்துல தப்பு வருது. ஒண்ணு, வோட்டர் சிலிப்ல இருக்குற நம்பர் வரிசைப்படி உள்ள அனுப்பாம யார் முந்தி வர்றாங்களோ அவங்களுக்கு ஓட்டைத் திறந்துவிடற பேலட் பட்டனை அமுக்கிடறது. ரெண்டாவது, ஓட்டு போடப் போனவங்க போடாமலே திரும்பி வந்துடறாங்க, பிஸி லைட் எரிஞ்சுட்டே இருக்கும், நம்ம கவனிக்காம அடுத்த ஆளுக்கு அமுக்கினா மெஷின் ஏத்துக்காது, உடனே மெஷின் ரிப்பேர்னு ரூம்ல ஒரே சத்தம். அப்போ ஒண்ணும் பண்ண வேணாம், அடுத்த ஆளை நேரா உள்ள அனுப்பினா போதும், முன்னாடி திறந்த ஓட்டுலயே அவங்க போட்டுடுவாங்க. போடாம போனவங்களைப் பத்தி மட்டும் 17ஏ (வாக்காளர் பதிவேடு) ரிமார்க்ஸ்ல பிரிசைடிங் ஆபீசர் எழுதணும். அதை எழுதாம விட்டாதான் ராத்திரி கணக்குல ஒண்ணு இடிக்கும்.

நான் ஒவ்வொரு மணிக்கும் டோட்டல் அமுக்கி, என்கிட்ட இருக்குற சிலிப் எண்ணிக்கையையும் பி2கிட்ட (மை வெச்சு பதிவேடு எழுதற ரெண்டாவது போலிங் ஆபீசர்) இருக்குற 17ஏ கடைசி நம்பரையும் சத்தமா கேட்டு ஒத்துப் பார்த்துடுவேன். மூணும் ஒண்ணா இருந்தா நிம்மதி. ஒரு தடவை பதினோரு மணிக்கு ஒண்ணு குறைஞ்சது, பார்த்தா பி2 மேடம் பக்கம் திருப்பும்போது ஒரு நம்பரைத் தாண்டிட்டாங்க. பதினோரு மணிக்குத் தெரிஞ்சதால பத்து பேரைப் பின்னாடி பார்த்தோம் கிடைச்சுருச்சு, இதே சாயங்காலம் ஆறு மணிக்குத் தெரிஞ்சிருந்தா எண்ணூறு வரியைத் தேடிட்டு உக்காந்திருக்கணும்.

#3 பழைய ஆர்.ஐ.

ரெவின்யூல முப்பது வருஷத்துக்கு மேல இருந்து ரிட்டயர் ஆனவன். பேப்பர் பேலட் காலத்துலேருந்து தேர்தல் வேலை பார்த்திருக்கேன். தமிழ்நாடு முழுக்க மெஷின் வந்தது 2001 சட்டமன்றத் தேர்தல்லதான். அதுக்கு முன்னாடி நமக்கு இருந்த பயமே வேற, பேலட் பேப்பர் பின்னாடி முத்திரையும் பிரிசைடிங் ஆபீசர் கையெழுத்தும் விட்டுப்போச்சுன்னா எண்ணும்போது அந்த ஓட்டு தள்ளுபடி ஆகுமோன்னு. ஆனா அதுக்குச் சட்டத்துலயே ஒரு வழி வெச்சிருந்தாங்க. அது ஆபீசர் தப்பாலதான் விட்டுப்போச்சுன்னு ரிட்டர்னிங் ஆபீசருக்கு (தொகுதியோட தேர்தல் அதிகாரி) தெரிஞ்சா அந்தக் காரணத்துக்காக ஓட்டைத் தள்ளக்கூடாதுன்னு தேர்தல் நடத்தும் விதிகள்ல விதி 56லயே இருக்கு. ஊழியர் தப்புக்கு வாக்காளரைத் தண்டிக்கக்கூடாதுங்கற எண்ணம் அதுல இருக்கு பாருங்க, எனக்கு அந்த வரி ரொம்பப் பிடிக்கும்.

தம்பி கரும்பலகைக்கு வர்றேன். மாக் போல் ஓட்டை அழிக்காம விடறது 2019ல பல பூத்ல நடந்தே போச்சு. கேரளாவுல எர்ணாகுளம் தொகுதி களமசேரியில ஒரு பூத்ல, ஓட்டு போட்டவங்களை விட மெஷின்ல 43 ஓட்டு கூடுதலா இருந்துச்சு, காரணம் மாக் போல் ஓட்டை அழிக்காததுதான். ஏப்ரல் 30 அன்னைக்கு அந்த பூத்ல திரும்ப ஓட்டுப்பதிவு வெச்சாங்க. நம்ம பக்கமும் அந்த வருஷம் மே 19ல தர்மபுரி, தேனி, திருவள்ளூர், கடலூர், ஈரோடு தொகுதிங்கள்ல மொத்தம் 13 பூத்ல மறு வாக்குப்பதிவு நடந்துச்சு. எல்லாத்துக்கும் காரணம் ஒண்ணு இல்ல, ஆனா மாக் போல் ஓட்டை அழிக்காத பூத் நிறைய இருக்குங்கறது அப்போ பெரிய பேச்சா இருந்துச்சு.

இப்போ நடைமுறை என்னன்னா, மாக் போல் ஓட்டு அழிக்காத கன்ட்ரோல் யூனிட் (ஓட்டு பதிவாகி இருக்குற மெஷின்), 17சி (பூத்ல பதிவான ஓட்டுக் கணக்கு பாரம்) கணக்கோட ஒத்து வராத கன்ட்ரோல் யூனிட், இதையெல்லாம் எண்ணும்போது தனியா ஒதுக்கி வெச்சுடுவாங்க. மத்த எல்லாம் எண்ணி முடிச்சப்புறம், ஜெயிச்சவருக்கும் அடுத்தவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒதுக்கி வெச்ச பூத்களோட மொத்த ஓட்டை விட அதிகமா இருந்தா அதை எண்ணவே மாட்டாங்க. வித்தியாசம் அதுக்குச் சமமாவோ கம்மியாவோ இருந்தாத்தான் அந்த பூத் விவிபேட் சீட்டை எடுத்து எண்ணுவாங்க. முடிவு மாறாதே, அப்புறம் என்னன்னு ஒருத்தர் என்கிட்ட கேட்டார். வெயில்ல ரெண்டு மணி நேரம் நின்னு ஓட்டு போட்ட எண்ணூறு பேரோட பெட்டி மூலையில சும்மா கெடக்குது, அந்த ஊர் யாருக்கு எவ்வளவு போட்டுச்சுங்கறது எந்தக் கணக்குலயும் வராது. எனக்கு அது சின்ன விஷயமா படல.

#4 பொன்னி

ஒரு சந்தேகம். இவ்வளவு முக்கியம்னா அழிக்காம போலிங் ஆரம்பிக்க முடியாத மாதிரி மெஷின்லயே ஏதாவது பண்ணக்கூடாதா?

#5 பழைய ஆர்.ஐ.

நல்ல கேள்விம்மா. மெஷினுக்கு மாக் ஓட்டு எது நிஜ ஓட்டு எதுன்னு தெரியாது, அதுக்கு எல்லாம் ஓட்டுதான். வரிசையை மட்டும் அது கட்டாயப்படுத்தும், க்ளோஸ் பண்ணாம ரிசல்ட் வராது, ரிசல்ட் பார்க்காம க்ளியர் ஆகாது, க்ளோஸ் பண்ணிட்டு க்ளியர் பண்ணலைன்னா அடுத்த ஓட்டை ஏத்துக்காது. ஆனா க்ளோஸையே அமுக்காம விட்டா மாக் ஓட்டு மேலயே நிஜ ஓட்டும் ஏறிடும். முறை தவறி அமுக்கினா இன்வேலிட்னு காட்டும். சில பேர் அவசரத்துல க்ளியரை அமுக்குவாங்க, இன்வேலிட்னு வந்ததைப் படிக்காம அழிஞ்சுருச்சுன்னு நெனச்சுடுவாங்க. அதனாலதான் பட்டனை அமுக்கினா மட்டும் போதாது, திரையில என்ன வந்துச்சுன்னு பார்க்கணும், அப்புறம் டோட்டல் அமுக்கி சைபர்னு எல்லார் கண்ணுலயும் படணும்.

#6 கொங்குத்தமிழ்

வணக்கமுங்க. நான் நாலு தடவை பிரிசைடிங் ஆபீசரா போயிருக்கேனுங்க. நம்ம டீம்ல ஒரு பழக்கம் வெச்சிருக்கோம், சொல்றேன்.

மாக் போலுக்கு ஒரே ஒரு தாள். அதுல பதினாலு வரி. நான் மெஷினைத் தொடறது இல்லீங்க. பி1 அந்தத் தாளை சத்தமா ஒவ்வொரு வரியா படிப்பாரு, பி3 செய்வாங்க, நான் பக்கத்துல நின்னு பார்த்து ஆச்சுன்னு சொல்லுவேன், அப்புறந்தான் பி1 பேனாவால அந்த வரிக்கு டிக் போட்டு அடுத்த வரிக்குப் போவாரு. நடுவுல போன் வந்தாலும் சரி, ஜோனல் வந்தாலும் சரி, தாள் எங்க நின்னுச்சோ அங்கிருந்துதான் திரும்ப ஆரம்பிப்போம். கேக்க சின்னப்புள்ளைங்க விளையாட்டு மாதிரித்தான் இருக்கும், ஆனா தூக்கம் இல்லாத மூளையை நம்பறதை விட தாளை நம்பறது மேலுங்க. ஒரே ஆளு படிக்கவும் செஞ்சு செய்யவும் செஞ்சு சரிபார்க்கவும் செஞ்சா அது மூணு வேலை இல்லீங்க, ஒரே வேலைதான், ஒரே இடத்துல மறந்தா மூணும் போயிரும்.

அந்தத் தாள்ல முதல் வரியே விவிபேட் பின்னாடி இருக்குற குமிழ் நேரா செங்குத்தா இருக்கான்னுங்க. தூக்கிட்டு வரும்போது அது படுக்கையா லாக்ல இருக்கும், அதைத் திருப்பாம ஆன் பண்ணிட்டு மெஷின் ஓடலைன்னு மாத்து மெஷின் கேட்டவங்க எத்தனையோ பேரு. ரெண்டாவது வரி வெளிச்சமுங்க. 2018 மே மாசம் உத்தரப்பிரதேசத்துல கைரானா இடைத்தேர்தல்ல 73 பூத், மகாராஷ்டிராவுல பண்டாரா கோந்தியாவுல 49 பூத், மறு வாக்குப்பதிவு வெச்சாங்க, விவிபேட் சென்சார் மேல நேரடி வெளிச்சம் பட்டதை ஒரு முக்கியக் காரணமா சொன்னாங்க. நம்ம ஊர்ல என்ன பண்றோம், ஓட்டு போடறவங்களுக்குத் தெரியட்டும்னு ஜன்னல் ஓரமாவும் பல்புக்கு நேர் கீழயும் மறைப்பை வைக்கறோம். நல்ல மனசுல பண்ற தப்புதானுங்க அது.

இன்னொண்ணு, வேட்பாளர் எண்ணிக்கை. கரூர்ல 2024ல 54 பேர் நின்னாங்க, நோட்டாவோட சேர்த்து 55, ஒரு பேலட் யூனிட்ல (ஓட்டு பட்டன் இருக்குற பெட்டி) 16தான் அடங்கும், ஆக நாலு யூனிட். 1996ல மொடக்குறிச்சியில 1033 பேர் நின்னு வாக்குச்சீட்டே புத்தகமா அடிச்சாங்க, அதுக்கு இது பரவாயில்லைன்னு வெச்சுக்கலாம், ஆனா நாலு யூனிட்டை வரிசை மாறாம இணைக்கணும், மாக் போல்ல ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு ஓட்டாவது விழணும், நோட்டாவுக்கும் விழணும், அங்கயே 50 தாண்டிரும். மத்த தொகுதிக்குக் குடுக்குற அதே ஒண்ணரை மணி நேரம் இங்க பத்தாதுங்க. இது மேல இருக்குறவங்க யோசிக்க வேண்டிய விஷயம்.

#7 வாசல் ஏஜென்ட்

நான் கட்சி பூத் ஏஜென்ட். எந்தக் கட்சின்னு வேணாம். எங்க பக்கத்துத் தப்பையும் சொல்லணும் இல்லையா அதான் எழுதறேன்.

அஞ்சரை மணிக்கு வரச் சொன்னா நாங்க ஆறே முக்காலுக்கு வர்றோம். மாக் போலைப் பாதியில வந்து பார்க்கறோம், ஆபீசரை அவசரப்படுத்தறோம். அதை விட மோசம், மத்தியானமே ஆபீசர் 17சியை நீட்டி இப்பவே கையெழுத்து போட்டுடுங்க சாயங்காலம் கூட்டமா இருக்கும்னு சொன்னா மறு பேச்சு இல்லாம போட்டுக் குடுத்துடறோம், நானே போட்டிருக்கேன். வெத்து பாரத்துல போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்பு? ஏஜென்ட்டுக்கு 17சி காப்பி குடுக்கறதே எதுக்கு, நம்ம கையில இருக்குற எண்ணை எண்ணும்போது மெஷின் எண்ணோட ஒத்துப் பார்க்கத்தான். எங்க கட்சியில பூத் கமிட்டி கூட்டம் நடக்கும், காசு, சாப்பாடு, வண்டி எல்லாம் பேசுவாங்க, க்ளியர் அமுக்கினதும் சைபர் பார்த்துட்டு கையெழுத்து போடுன்னு ஒருத்தரும் சொல்லிக்குடுத்தது இல்ல. அஞ்சு கட்சி ஏஜென்ட் முழிச்சுட்டு உக்காந்திருந்தா ஒரு ஆபீசரோட மறதி அங்கயே நின்னு போயிடும்.

#8 வடசென்னைக்காரி

நான் டியூட்டி பார்த்தவ இல்ல, ஓட்டு போடப் போனவ. 2021ல என் பேர்ல வேற யாரோ போட்டுட்டுப் போயிட்டாங்க. பி1 லிஸ்ட்டைப் பார்த்துட்டு "நீங்க ஏற்கெனவே போட்டுட்டீங்களே"ன்றார். விரலைக் காட்றேன், மை இல்ல. கார்டு காட்றேன், போட்டோ என்னுது. அப்பவும் "இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுமா"ன்னு அனுப்பிட்டாங்க. என் பின்னாடி லைன்ல நின்னவங்க வேற சீக்கிரம் சீக்கிரம்னு சத்தம் போடறாங்க. அழுகையே வந்துடுச்சு, வீட்டுக்கு வந்துட்டேன். டெண்டர் ஓட்டுன்னு ஒண்ணு இருக்குன்னு ரெண்டு வாரம் கழிச்சுதான் தெரிஞ்சுது. அந்த ரூம்ல இருந்த நாலு பேருக்கும் தெரியலையா, தெரிஞ்சும் எழுத்து வேலை ஜாஸ்தின்னு விட்டாங்களா, எனக்குத் தெரியல. ஆனா என் ஓட்டு போச்சு.

#9 ஒண்ணாம் நம்பர்

அக்கா படிக்கவே கஷ்டமா இருக்கு. நான் பி1 பார்க்கறவன், எங்க கூட்டத்துல இருந்து ஒருத்தனா மன்னிப்பு கேட்டுக்கறேன்.

உங்களுக்குப் பண்ணியிருக்க வேண்டியது, பிரிசைடிங் ஆபீசர் உங்களை விசாரிச்சு நீங்கதான் அந்த வாக்காளர்னு தெளிவானதும் டெண்டர் பேலட் பேப்பர் குடுக்கணும், 17பி பாரத்துல கையெழுத்து வாங்கணும், நீங்க முத்திரை குத்தினதைத் தனிக் கவர்ல வைக்கணும். மெஷின்ல போட விடக்கூடாது. அந்தப் பேப்பர் கட்டுல மொத்தமே கொஞ்சம்தான் குடுப்பாங்க, நிறைய ஆபீசர் அதைத் தொடாமலே திருப்பிக் குடுத்துடுவாங்க, அதனால பழக்கமே இல்ல.

ஆனா வேர் எங்கன்னா பி1 மேசையிலதான் இருக்கு. முதல்ல, பேரை சத்தமா படிக்காம கோடு போடறது. வரிசை எண், பேர், ரெண்டையும் ஏஜென்ட் காதுல விழற மாதிரி படிச்சாலே பாதி ஆள்மாறாட்டம் நின்னுடும். ஒரே தெருவுல ஒரே பேர்ல மூணு லட்சுமி இருப்பாங்க, அப்பா பேரு வீட்டுக்காரர் பேரு பார்க்காம மேல இருக்குற லட்சுமிக்குக் கோடு போட்டுட்டா, நிஜ லட்சுமி மூணு மணிக்கு வந்து நிக்கும்போது அவங்கதான் திருடி மாதிரி முழிக்கணும். அக்காவுக்குக்கூட ஆள்மாறாட்டம்தான் நடந்துச்சுன்னு சொல்ல முடியாது, கோடு வரி மாறி விழுந்திருக்கலாம். பெண்ணுக்குக் கோட்டோட வரிசை எண்ணைச் சுத்தி வட்டமும் போடணும், அதை விட்டா ஆண் பெண் கணக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தப்பாவே போகும்.

அப்புறம் வாக்காளர் தகவல் சீட்டு. வீட்டுக்கு வந்து குடுக்கற அந்தச் சீட்டு அடையாள ஆவணம் கிடையாது, 2019லேருந்தே அதை ஏத்துக்கறது இல்ல. ஆனா ஒரு பூத்ல அதை மட்டும் வெச்சு விடறாங்க, பக்கத்து பூத்ல வாக்காளர் அட்டை இல்லைன்னு ஆதார் கொண்டு வந்த ஆளைக்கூட திருப்பி அனுப்பறாங்க. ரெண்டுமே தப்பு. எதெது செல்லும்ங்கற லிஸ்ட்டைப் பெரிய எழுத்துல மேசை முன்னாடி ஒட்டி வெச்சா போதும், வாக்குவாதமே வராது.

#10 நேர்வழி

எல்லாரும் தூக்கம் இல்ல, கொசுன்னு காரணம் சொல்றீங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வேலை. தப்பு பண்ணவங்களை சஸ்பெண்ட் பண்ணுங்க, அடுத்த தடவை எல்லாரும் ஒழுங்கா பண்ணுவாங்க. வாக்காளரோட உரிமையில விளையாடறதுக்கு மன்னிப்பு எல்லாம் கிடையாது.

#11 மலைப்பாதை

நேர்வழி சார், உங்க கோபம் புரியுது. ஆனா நான் பார்த்ததைச் சொல்றேன்.

எங்களுக்கு எந்த பூத்னு முந்தின நாள்தான் தெரியும், கூட வர்ற மூணு பேரும் அன்னைக்குத்தான் முதல் தடவை முகம் பார்க்கறோம். ஒரு சார்புக்கு இடம் குடுக்கக்கூடாதுன்னு கம்ப்யூட்டர்ல குலுக்கித்தான் போடறாங்க, அது சரியான முறைதான், நான் குறை சொல்லல. ஆனா முன்னப்பின்ன தெரியாத நாலு பேர் ஒரு ராத்திரியில ஒரு டீம் ஆகணும்னா அதுக்கு நேரம் வேணும், படுக்க இடம் வேணும். ஒரு மலை கிராமத்துப் பள்ளிக்கூடம், பாத்ரூம்ல தண்ணி இல்ல, நாங்க மூணு பெண்கள். நாலரை மணிக்கு இருட்டுல வெளிய போக முடியாம மூணு பேரும் ராத்திரி தண்ணியே குடிக்கல. மறுநாள் பன்னெண்டு மணிக்கு பி2 மயங்கி விழுந்தாங்க. அந்த அரை மணி நேரம் மையும் ரெஜிஸ்டரும் நானே பார்த்தேன், அதுல எத்தனை தப்பு நடந்துச்சோ. இதுக்கு யாரை சஸ்பெண்ட் பண்றது?

அதை விட முக்கியமா, தண்டனை பயம் தப்பைக் குறைக்காது, மறைக்கத்தான் வைக்கும். சட்டத்துல ஏற்கெனவே தண்டனை இருக்கு, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 134வது பிரிவு, கடமை தவறினா 500 ரூபாய் வரை அபராதம், துறை நடவடிக்கை அது தனி. காலையில எட்டு மணிக்கு ஒரு ஆபீசருக்கு ஐயோ க்ளியர் பண்ணலையேன்னு ஞாபகம் வருதுன்னு வைங்க. அப்பவே ஜோனலுக்குச் சொல்லி, பிரிசைடிங் ஆபீசர் டைரியில எழுதி, ஏஜென்ட்டுங்களுக்குத் தெரியப்படுத்தினா அதுக்கு மேல என்ன பண்ணலாம்னு மேல இருக்கறவங்க முடிவு பண்ணுவாங்க, கணக்கும் தெளிவா இருக்கும். பயந்தவர் என்ன பண்ணுவார்? யாருக்கும் தெரியாம சரி பண்ணப் பார்ப்பார், நடுவுல சீலை உடைச்சு க்ளியர் அமுக்கினா அதுவரைக்கும் விழுந்த நிஜ ஓட்டும் சேர்ந்து போயிடும். இல்லைன்னா ராத்திரி 17சியில எண்ணை மாத்தி எழுதுவார். ரெண்டும் முதல் தப்பை விடப் பெரிய தப்பு. உடனே சொன்னவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, மறைச்சவங்களுக்குத்தான் நடவடிக்கைன்னு ட்ரெய்னிங்லயே தெளிவா சொல்லிடணும்.

#12 நேர்வழி

மறைக்கறதைப் பத்தி நான் யோசிக்கல மேடம். ஒத்துக்கறேன்.

#13 தாமிரபரணி

ஒரு ஓட்டு ரெண்டு ஓட்டுல என்ன ஆயிடப் போவுதுன்னு நெனைக்கிறவங்களுக்கு எங்க ஊர் கதையச் சொல்லுதேன். 2016 சட்டமன்றத் தேர்தல், ராதாபுரம் தொகுதி. இன்பதுரை ஜெயிச்சாரு, அப்பாவு தோத்தாரு, வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. 203 தபால் ஓட்டைத் தள்ளிட்டாங்க, ஏன்னா அதுல சான்று கையெழுத்து போட்ட தலைமை ஆசிரியருக்கு அந்த அதிகாரம் இல்லைன்னு. கேஸ் நடந்து 2019 அக்டோபர்லதான் கோர்ட்டு உத்தரவுப்படி அதைத் திரும்ப எண்ணினாங்க, அப்பவும் முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டுருச்சு. அஞ்சு வருஷப் பதவிக் காலம் அப்படியே ஓடிப்போச்சு.

இப்ப கரும்பலகை சார் எழுதினதைப் பாருங்க. மாக் போல்ல போடுறது குறைஞ்சது 50 ஓட்டு. ராதாபுரத்துல வித்தியாசம் 49. 2021ல தி.நகர்ல 137. ஒரே ஒரு பூத் போதும்லா?

தபால் ஓட்டு போடுறதும் நம்ம டியூட்டிக்காரங்கதான். அடுத்தவன் ஓட்டைக் காப்பாத்தப் போறவன் தன் ஓட்டைத் தானே செல்லாததா ஆக்கிட்டு வாரான், உறுதிமொழிப் படிவத்துல கையெழுத்தை மறந்து, கவரை மாத்திப் போட்டு. அதுக்கும் ட்ரெய்னிங் அன்னைக்கே அரை மணி நேரம் ஒதுக்கணும்.

#14 சிலேட்டுப் பலகை

ட்ரெய்னிங் பத்தி ஒரு வார்த்தை. ஒரு கல்யாண மண்டபம் மாதிரி ஹால், ஐநூறு பேர், மேடையில ஒரு மெஷின், மைக்ல பேசறவர் ரெண்டு மணி நேரம் சட்டப் பிரிவு சொல்றார். நான் மெஷினைக் கையால தொட்டதே பூத்துக்குப் போனப்புறம்தான். மாடு ஓட்டறதைப் படத்துல பார்த்துக் கத்துக்க முடியுமா? பத்து பேருக்கு ஒரு மெஷின், ஒவ்வொருத்தரும் ஒரு முழு மாக் போல் தன் கையால செஞ்சுட்டு, கணக்கை 17சியில எழுதிக் காட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். அதுல வேணும்னே தப்பு வெச்சுக் குடுக்கணும், குமிழைப் படுக்க வெச்சு, ஒயரை மாத்திக் குத்தி, ஒரு ஆளை ஓட்டு போடாம திரும்பி வர வெச்சு. அப்பதான் கை கத்துக்கும். பாரம் எழுதறதும் அப்படித்தான், நிரப்பின மாதிரி பாரம் ஒண்ணு ஒவ்வொருத்தர் கையிலயும் இருக்கணும்.

#15 மூணாவது மேசை

காலையைப் பத்தியே பேசிட்டோம், சாயங்காலம் அதை விட மோசம். ஆறு மணிக்கு லைன்ல நிக்கறவங்களுக்கு டோக்கன் குடுக்கும்போது கடைசியில நிக்கற ஆளுக்கு ஒண்ணாம் நம்பர் குடுத்து முன்னாடி நோக்கி வரணும். முன்னாடியிலேருந்து ஆரம்பிச்சா குடுக்கக் குடுக்கப் பின்னாடி ஆள் சேர்ந்துட்டே இருப்பாங்க, எது கடைசின்னு சண்டை வரும். எல்லாரும் போட்டு முடிச்சதும் க்ளோஸ் பட்டன். பதினோரு மணி நேரம் வேலை பார்த்த கை நேரா ஸ்விட்சை ஆஃப் பண்ணப் போகும். க்ளோஸ் பண்ணாம சீல் பண்ணிட்டா எண்ணற அன்னைக்கு ரிசல்ட் அமுக்கினா வராது, அந்த மேசையில ஒரே கலவரம் ஆயிடும்.

கவர் விஷயம் வேற. 17சியும் டைரியும் கையில வெளிய இருக்கணும். அதை 17ஏ கூட சேர்த்து சீல் வெச்ச கவருக்குள்ள போட்டுட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு மெஷினைத் திருப்பி வாங்கற ரிசீவிங் சென்டர்ல அழுதுட்டு நின்ன டீமைப் பார்த்திருக்கேன்.

#16 பழைய ஆர்.ஐ.

மூணாவது மேசை சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க, மெஷின் பூத்தை விட்டுக் கிளம்பினப்புறம் பண்ற தப்பு. 2021 ஏப்ரல் 6 ராத்திரி வேளச்சேரியில மெஷினை ஸ்கூட்டர்ல வெச்சு எடுத்துட்டுப் போனவங்களை ஜனங்க மறிச்சாங்க, அதுல இருந்த விவிபேட் கொஞ்ச நேரம் ஓட்டுப்பதிவுல இருந்து மாத்தினதுன்னு தெரிஞ்சு, 92வது பூத்ல ஏப்ரல் 17 மறு வாக்குப்பதிவு வெச்சாங்க. ரிப்பேரானதும் ரிசர்வும் வேற வேறன்னு பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் எழுதி ஒட்டி, போலீஸ் காவலோட உரிய வண்டியிலதான் போகணும். அலுப்புல எதுல போனா என்னன்னு தோணும், ஆனா ஜனங்க நம்பிக்கை உடையறதுக்கு அது ஒண்ணு போதும்.

ஒரு நல்ல செய்தி, ஒரு பூத்துக்கு அதிகபட்சம் 1500 வாக்காளர்னு இருந்ததை 1200ஆ குறைச்சிருக்காங்க. லைன் குறைஞ்சா அவசரம் குறையும், அவசரம் குறைஞ்சா தப்பும் குறையும். நான் பார்த்த வரைக்கும் கூட்டம் இல்லாத பூத்ல டெண்டர் ஓட்டு கேட்டவங்களுக்குக் கிடைச்சிருக்கு, கூட்டமான பூத்லதான் போம்மான்னு அனுப்பிடறாங்க.

#17 கரும்பலகை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு நாளா திரும்பத் திரும்பப் படிச்சுட்டு இருக்கேன். வடசென்னைக்காரி அக்கா எழுதினது ராத்திரி தூங்க விடல, என் பூத்லயும் ஒரு அம்மா வந்து பேர்ல கோடு விழுந்திருக்குன்னு சொன்னாங்க, நான் டெண்டர் பேலட் குடுத்தேன், ஆனா அதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் அவங்களை ஓரமா நிக்க வெச்சுட்டேன்.

கொங்குத்தமிழ் சார் சொன்ன மாதிரி தாள் ஒண்ணு எழுத ஆரம்பிச்சிருக்கேன். ஒரு பக்கம் காலை, மறு பக்கம் சாயங்காலம். காலைப் பக்கத்துல க்ளியர்ங்கற வரிக்கு அடுத்து தனியா ஒரு வரி, "டோட்டல் அமுக்கு, பி3 எண்ணைச் சத்தமா சொல்லணும், ஏஜென்ட் எல்லாரும் கேட்டாச்சா". சீட்டு எண்ணி கவர்ல போடற வேலையை க்ளியருக்கும் டோட்டலுக்கும் அப்புறம்னு வரிசை மாத்தலாமான்னும் யோசிச்சேன், ஆனா சீட்டும் ரிசல்ட்டும் ஒத்துப் போகுதான்னு பார்க்காம அழிக்கக்கூடாது, அதனால எண்ணறது முன்னாடி, அழிக்கறது அடுத்து, கவர்ல போட்டு சீல் பண்றது அதுக்கப்புறம்னு வெச்சிருக்கேன். எண்ணின சீட்டு மேசை மேலயே இருக்கட்டும், கவருக்குள்ள போனாத்தான் மனசு முடிஞ்சுதுன்னு சொல்லுது. பழைய ஆர்.ஐ. சார் இது முறைப்படி சரியான்னு பார்த்துச் சொல்லுங்க.

#18 பழைய ஆர்.ஐ.

சரிதான் தம்பி. விவிபேட் சீட்டுப் பெட்டி காலியா இருக்கறதை ஏஜென்ட்டுங்களுக்குக் காட்டறதையும் அதுல ஒரு வரியா சேர்த்துக்குங்க, அதை விட்டுட்டீங்க.

#19 மூணாவது மேசை

சார் தாள் முடிச்சதும் இங்க போடுங்க, பிரிண்ட் எடுத்துக்கறேன். அந்தப் பொண்ணுக்கும் ஒண்ணு அனுப்பிடுங்க.

#20 கரும்பலகை

சேர்த்துட்டேன் சார், இப்போ பதினஞ்சு வரி. முதல் பிரதி அவங்களுக்குத்தான் அனுப்பறேன் மேடம், நம்பர் இன்னும் என்கிட்ட இருக்கு.